வரைபடத்தில் வராத இதயம்

செல்போனை என் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார் அந்த ஆசிரியை. வயது 31. ஒன்பது வயதில், உடலே இன்சுலினைச் சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு வந்தது, அன்றிலிருந்து இன்சுலின். கையில் ஒட்டியிருந்த சென்சார் பதினான்கு நாட்களாக எடுத்த சர்க்கரை அளவுகள் திரையில் வளைந்து வளைந்து ஓடின. "74 சதவீதம், டாக்டர்" என்றார். சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் நிற்கும் நேரத்தின் கணக்கு அது. 70 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம் நின்றால், நல்லது என்கிறோம். வகுப்பும் நடத்தி, வீட்டில் குழந்தையையும் பார்த்துக்கொண்டு அந்த எண்ணைத் தொடுவது எளிதல்ல. மனம் நிறைந்து பாராட்டினேன்.

பிறகு ரத்த அழுத்தம் பார்த்தேன். 146/92. சற்று நேரம் உட்காரவைத்துப் பார்த்தபோதும் இறங்கவில்லை. கோப்பைப் புரட்டினால், கொழுப்புப் பரிசோதனை செய்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்த சீட்டே இல்லை. முந்தைய நான்கு முறையும் அவரைப் பார்த்தவன் நான்தான். வந்தவுடன் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசினோம், மருந்தளவைத் திருத்தினோம், அனுப்பிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது. இதை எழுதுவதே அதனால்தான்.

அந்த வாரம் வந்த முடிவில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 148. சிறுநீரில் அல்புமின் லேசாகக் கசியத் தொடங்கியிருந்தது. இதைச் சிறுநீரகத்துக்கு மட்டுமான எச்சரிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நுண்ணிய குழாய்கள் கசிகின்றன என்றால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரும் நலமாக இல்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

"மாரடைப்பெல்லாம் அப்பா வயதுக்காரர்களுக்கு வருவதுதானே, டாக்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நீரிழிவோடு வாழ்ந்த 22 ஆண்டுகளை அவருடைய ரத்தக்குழாய்கள் தனியே எண்ணி வைத்திருக்கின்றன. ஸ்வீடனின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டிலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட முதல் வகை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பத்து வயதுக்குள் நோய் வந்த பெண்களின் ஆயுள் சராசரியாக ஏறத்தாழ 18 ஆண்டுகளும், ஆண்களின் ஆயுள் 14 ஆண்டுகளும் குறைந்திருந்தன. இதய நோய் ஆபத்தும் அந்தப் பெண்களுக்கே மிக அதிகம். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் பாதுகாப்பை இந்த நோய் பெருமளவு பறித்துவிடுகிறது.

அதற்காகச் சர்க்கரைக் கட்டுப்பாடு வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்த பிரிவினருக்கு, வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவினரைவிடப் பிற்காலத்தில் இதய, ரத்தக்குழாய் நோய்கள் 42 சதவீதம் குறைந்ததாக 2005-இல் தெரியவந்தது. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரையும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் பட்ட பாடு உடலில் தங்கிப் பலன் கொடுத்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டுவது இதுதான். அன்று இப்படிப்பட்ட சென்சார் கிடையாது. விரலைக் குத்திக் குத்தியே அதைச் சாதித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை, கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கானது.

தாழ்சர்க்கரை இதயத்துக்கும் ஆகாது. சர்க்கரை சரியும்போது உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் தடுமாறலாம். தூக்கத்தில் இது நேர்ந்தால் நமக்குத் தெரியாது. அதனால்தான் சென்சார் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. ஒட்டியிருக்கும் கையின்மேல் படுத்தால் சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பது உண்மை. அலாரத்தை அணைக்காமல், இடத்தை மாற்றி ஒட்டுங்கள். சந்தேகம் என்றால் விரலில் பார்த்துவிடுங்கள். தானியங்கி இன்சுலின் பம்புகள் சர்க்கரை இறங்கப்போவதைக் கணித்து இன்சுலினைத் தாமே நிறுத்திவிடுகின்றன. அவற்றின் விலை எல்லோருக்கும் கட்டுபடியாகாது. சென்சாரே பலருக்குப் பாரம். அவர்கள் படுக்கும் முன்பும், எப்போதாவது விடியற்காலை மூன்று மணிக்கும் விரலில் பார்த்தால் பெரும் உதவி. கொழுப்புப் பரிசோதனைக்கும் அல்புமின் பரிசோதனைக்கும் ஆகும் செலவோ ஒரு சென்சாரின் விலையில் சிறு பங்குதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் மறந்தால் நினைவூட்டுங்கள்.

ஆசிரியைக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் தொடங்கினோம். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அப்போது இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்பதைச் சீட்டிலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 44 வயது, கடை நடத்துபவர், முப்பது ஆண்டுகளாக முதல் வகை நீரிழிவு. ஒருநாள் மாலை திடீரென்று வியர்த்துக் கொட்டியது, குமட்டியது. நெஞ்சில் வலி துளியும் இல்லை. நீண்டகால நீரிழிவில் நரம்புகள் மரத்துப்போவதால் மாரடைப்பு வலியில்லாமலும் வரலாம். வழக்கமான லோ சுகர்தான் என்று சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கப் போனார். அவர் மனைவி சென்சாரைப் பார்த்தார்: 160. நம்பாமல் விரலைக் குத்தினார்: 168. "சுகர் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் வியர்க்கிறது?" என்று கேட்டவர் அதற்குமேல் யோசிக்கவில்லை, 108-ஐ அழைத்துவிட்டார். மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது. அன்று இரவே அடைப்பை நீக்கினார்கள். இப்போது இருவரும் சேர்ந்துதான் பரிசோதனைக்கு வருகிறார்கள். கோப்பு அந்த அம்மாவின் கையில் இருக்கிறது.