"12 வோல்ட்டு தானேண்ணே"ன்னு சொல்லிட்டு யூட்ல ஸ்பாட்லைட் கட்டுற தம்பிங்களுக்கு

மறுபடியும் ஒரு யூட்டு (பின்னாடி திறந்த டிரே இருக்கிற பிக்கப் வண்டி) என் ஷெட்டுக்கு வந்திருக்கு, ஓட்டிட்டு வரல, டோ டிரக் மேல ஏத்திக் கொண்டு வந்தாங்க. டேஷ்போர்டு பாதி உருகித் தொங்குது, பாசஞ்சர் பக்கம் கார்பெட் கரி, உள்ள தலைய விட்டா பிளாஸ்டிக் எரிஞ்ச அந்த நாத்தம் தொண்டையில போய் உக்காந்துக்குது. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, பேடக் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) நடுவுல நிறுத்திட்டு குதிச்சு இறங்கிட்டாங்க. என்ன பண்ணிருக்காங்கன்னா, ராத்திரி நரி சுடப் போறதுக்கு கூரை மேல ஒரு ஸ்பாட்லைட், அதுக்கு பேட்டரி பிளஸ்ல இருந்து நேரா ஒரு வயர், ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரத் தடுப்பு) டிரில் போட்ட ஓட்டை வழியா உள்ள. ஃப்யூஸ் இல்ல. ஓட்டை விளிம்புல மாட்டுற ரப்பர் வளையம், குரோமெட், அதுவும் இல்ல. தகரத்தோட விளிம்பு நாலு மாசமா வயரை அறுத்துக்கிட்டே இருந்திருக்கு.

கட்டுனது யாருன்னு கேட்டா பண்ணைல வேலை பாக்குற நம்ம ஊரு பையன், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. ஓனருக்கு "இவன் ஊர்ல எலக்ட்ரீஷியன்"னு ஒரு நம்பிக்கை. போன்ல பேசுனேன், அவன் சொன்ன முதல் வார்த்தை "12 வோல்ட்டு தானேண்ணே, தொட்டா கூட ஷாக் அடிக்காதே". இந்த டயலாக்கை நான் எத்தனை பேர் வாயால கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல, அதனாலதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு கொஞ்சம் பின்னணி. நான் இருக்கிறது ஆஸ்திரேலியாவுல, நியூ சவுத் வேல்ஸ்ல ரிவரினா பக்கம், திராட்சை, ஆரஞ்சு, நெல்லு, ஆடு எல்லாம் இருக்கிற ஏரியா, நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், அதாவது வண்டி வயரிங் பாக்குறவன். இங்க முயலும் நரியும் ஐரோப்பாவுல இருந்து கொண்டு வந்தது. 1859ல தாமஸ் ஆஸ்டின்னு ஒருத்தர் விக்டோரியாவுல வேட்டையாட்டத்துக்காக இங்கிலாந்துல இருந்து இருபத்து சொச்சம் முயல இறக்குமதி பண்ணி தன் எஸ்டேட்ல விட்டாரு, அது கண்டம் பூரா பரவிருச்சு. வேலி கட்டிப் பாத்தாங்க, 1950ல மிக்ஸோமடோசிஸ்ங்கிற முயல் நோய் வைரஸை விட்டாங்க, 1995ல கலிசிவைரஸ்னு இன்னொண்ணு சோதனை பண்ணிட்டிருந்த தீவுல இருந்து தப்பிச்சுப் பரவுச்சு, ரெண்டுமே கொஞ்ச காலம் அடக்குச்சு, முயல் திரும்பவும் வந்துச்சு. ஆடு குட்டி போடுற சீசன்ல நரி வந்து ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போகும். அதனால துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிற பண்ணைக்காரங்க ராத்திரி யூட்ல பேடக்கை சுத்தி வந்து ஸ்பாட்லைட் அடிச்சு சுடுறது இங்க சாதாரண பண்ணை வேலை. இது சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. (கங்காரு வேற கதை, அது பாதுகாக்கப்பட்ட பிராணி, அதுக்கு தனி அனுமதி வேணும், "முயலோட சேத்து அதையும்"னு எவனாவது சொன்னா வண்டிய விட்டு இறங்கிருங்க.)

இந்த வேலைக்கான சாமான்ல பாதி பண்ணைலயே செஞ்சதுதான். கூரைக்குள்ள இருந்து திருப்புற லைட்டு கைப்பிடி, பழைய விமானத்து லேண்டிங் லைட்டை தகர டப்பால வெச்ச ஸ்பாட்லைட், பின்னாடி டிரேல நின்னு பிடிச்சுக்க வெல்டிங் பண்ணுன கம்பி ஃபிரேம், கதவுல துப்பாக்கிய சாய்ச்சு வெக்க பிளாஸ்டிக் பைப்பும் ஸ்பான்ஜும் சேத்து ஒரு ரெஸ்ட். சில வேலைப்பாடு பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும், வெல்டிங் அவ்ளோ சுத்தம். ஆனா வெல்டிங் சுத்தமா இருக்கிற வண்டிலதான் வயரிங் கேவலமா இருக்கும், ஏன்னே தெரியல. நம்ம பசங்க இதுல எப்படி உள்ள வர்றாங்கன்னா, லைசென்ஸ் இல்லாததால சுட முடியாது, லைட்டு பிடிக்கவும் வண்டி ஓட்டவும் கூப்புடுவாங்க, அப்புறம் "அந்த லைட்டை கொஞ்சம் கட்டிக் குடு".

சரி, 12 வோல்ட்டுக்கு வர்றேன்.

ஊர்ல வீட்டு வயரிங் பாத்தவன் 230க்கு பயப்படுவான், அது சரியான பயம். ஆனா அந்தப் பயத்தோட இன்னொரு பாதி, "வோல்ட்டு கம்மின்னா ஆபத்து கம்மி", அங்கதான் மோசம் போறீங்க. ஷாக் அடிக்காது, ஒத்துக்கிறேன், ஆனா நெருப்பு பிடிக்க ஷாக் எதுக்கு? கணக்கு போட்டுப் பாருங்க. 100 வாட் பல்பு வீட்ல எரிஞ்சா ஆம்பியர் அரை கூட வராது. அதே 100 வாட் ஹாலோஜன் ஸ்பாட்லைட் 12 வோல்ட்ல எரிஞ்சா எட்டு ஆம்பியருக்கு மேல. வோல்ட்டு குறையக் குறைய அதே வேலைக்கு கரெண்ட் ஏறும், வயர் சூடாகுறது கரெண்ட்டாலதான், அதுவும் கரெண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. டிப்ளமோல மொத செமஸ்டர்லயே படிச்சதுதானே தம்பி இது? கடைல கிடைக்கிற மெல்லிசு ஸ்பீக்கர் வயர், அரை ஸ்கொயர் எம்எம், போக அஞ்சு மீட்டர் வர அஞ்சு மீட்டர்னு வெச்சா ரெண்டு மூணு வோல்ட்டு வயர்லயே காலி. லைட்டு மஞ்சளா அழுது வடியும், "பல்பு சரியில்ல"ன்னு 130 வாட் வாங்கிப் போடுவீங்க. வயர் இன்னும் சூடாகும். மிச்ச வயரை சுருட்டி சீட்டுக்கு அடில வேற திணிச்சிருப்பீங்க, சூடு போக வழி இல்லாம.

இது லைட்டு ஒழுங்கா எரியும்போது நடக்கிறது. வயர் பாடில உரசி ஷார்ட் ஆனா? டீசல் எஞ்சினை கடுங்குளிர்ல சுத்தி விடுற பேட்டரி அது, ஷார்ட்ல நூத்துக்கணக்குல ஆம்பியர் தள்ளும், நிறுத்துறதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. வீட்ல எம்சிபி டிரிப் ஆகும். இங்க வயரே எரிஞ்சு அறுந்தாத்தான் நிக்கும். எங்க தொழில்ல பேட்டரி பக்கம் போறதுக்கு முன்னாடி மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிருவோம், ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் மாட்டி விரல சுத்தி சதை வெந்தவங்க இருக்காங்க. அதுவும் இதே 12 வோல்ட்டுதான்.

ஃப்யூஸ் லைட்டைக் காப்பாத்த இல்ல, வயரைக் காப்பாத்த. இந்த ஒரு வரி புரிஞ்சா எங்க போடணும்னு நான் சொல்லவே வேண்டாம். லைட்டுப் பக்கத்துல அழகா ஃப்யூஸ் போட்டுட்டு பேட்டரிலருந்து அது வரைக்கும் மூணு மீட்டர் வயரை பாதுகாப்பு இல்லாம விட்டா என்ன புண்ணியம்? பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃப்யூஸ். அப்புறம், ஃப்யூஸ் போச்சுன்னா அதே சைஸ் போடுங்க. 15 போச்சுன்னு 30 போடுறது, சிகரெட் பாக்கெட் ஜரிகை பேப்பர சுத்திப் போடுறது, இதெல்லாம் பாக்குறப்போ எனக்கு கை பரபரங்குது. ஃப்யூஸ் போனா அது ஏதோ சொல்லுது, கேளுங்கடா.

வயர் வாங்குறதுல நம்மாளுங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு, இதை வேற யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஊர்ல ரெண்டரை, நாலுன்னு கேட்டா ஸ்கொயர் எம்எம், அதாவது உள்ள இருக்கிற செம்போட அளவு. இங்க ஆட்டோ கடைல "4 எம்எம் கேபிள்"னு ஒட்டிருக்கிறது பிளாஸ்டிக்கோட சேத்து வெளிய அளந்த தடிமன். உள்ள செம்பு ரெண்டு ஸ்கொயர் எம்எம் கூட கிடையாது, சுமார் 1.8. "6 எம்எம்"ல நாலரை. நாலுன்னு நெனச்சு வாங்குறவன் பாதிகூட இல்லாத வயரோட வீட்டுக்குப் போறான், கடைக்காரன் மேல தப்பே இல்ல. ஒரு 100 வாட் லைட்டுக்கு அந்த 4 எம்எம்மும் 15 ஆம்ப் ஃப்யூஸும், நீளம் ஜாஸ்தின்னா 5. ரெண்டு லைட்டுன்னா 6 எம்எம், 25 ஆம்ப். ரிலே (சின்ன சுவிட்சால பெரிய கரெண்டை ஆன் ஆஃப் பண்ற சாமான்) போடணும்னு தனியா சொல்லணுமா என்ன. வீட்டு வயரிங்ல மிஞ்சுன வயரை வண்டில இழுக்காதீங்க, அதுல இழை கம்மி, விறைப்பா இருக்கும், வண்டி அதிர்ற அதிர்ச்சிக்கு ஒவ்வொரு இழையா முறிஞ்சு கடைசில ரெண்டு இழைல மொத்த கரெண்டும் போகும். கருப்பு டேப்பும் வேண்டாம், ஜனவரி வெயில்ல (இங்க அதுதான் கோடை) அதோட கோந்து உருகி டேப் தானா அவுந்துரும். டெர்மினலை அழுத்தி கிரிம்ப் பண்ணி, மேல சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்க.

"நாங்க எல்ஈடிக்கு மாறிட்டோம்ணே" — சந்தோஷம், கரெண்ட் குறையும், ஆனா வயர் ஷார்ட் ஆனா அந்தப் பக்கம் எல்ஈடி இருக்கா குண்டு பல்பு இருக்கான்னு பேட்டரி பாக்காது. ஃப்யூஸ் போடணும். இப்ப புதுசா டிரில் மெஷின் பேட்டரிய ஒரு பிளாஸ்டிக் அடாப்டர்ல சொருகி கை லைட்டு எரிக்கிறாங்க. முதல்ல அது 18 வோல்ட்டு, ஃபுல் சார்ஜ்ல 20க்கு மேல. ரெண்டாவது, நெறைய பிராண்டுல சார்ஜ் ரொம்ப இறங்குனா கட் பண்றது டிரில்லுதான், பேட்டரி இல்ல, உங்க அடாப்டருக்கு அந்த அறிவு கிடையாது. அடி வரைக்கும் காலியான லித்தியம் பேட்டரிய மறுநாள் சார்ஜர்ல மாட்டிட்டு தூங்கப் போவீங்க, அது அப்ப தீப்பிடிக்கலாம்.

புது மாடல் வண்டின்னா டிரில்லைக் கைல எடுக்கவே எடுக்காதீங்க. கூரை ஓரத்துலயும் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்லயும் கர்ட்டன் ஏர்பேக் மடிச்சு வெச்சிருக்கு, அங்க லைட்டு கைப்பிடிக்கு ஸ்க்ரூ ஏத்துனா விபத்துல அந்த ஸ்க்ரூ எங்க வரும்னு யோசிங்க. எர்த்தை பேட்டரி மைனஸ் முனைல நேரா கட்டாதீங்க, அங்க சென்சார் இருக்கும், பாடில கட்டுங்க. ஹெட்லைட் வயர்ல இருந்து திருடுனா கம்ப்யூட்டர் எர்ரர் காட்டும், அப்புறம் என்கிட்ட வருவீங்க, நானும் பில்லு போடுவேன்.

அடுத்து புல்லு. கோடைல இங்க புல்லு எப்படிக் காயும்னு வந்து பாத்தாத்தான் தெரியும். 100 வாட் ஹாலோஜனை எரியவிட்டபடியே சீட்டு மேல குப்புற வெச்சுட்டு பேடக் கேட்டைத் தொறக்க இறங்குறது, டிரேல வைக்கோல் தூசி மேல போடுறது, தீ பிடிக்க சில நிமிஷம் போதும். வண்டிக்கு அடில சைலன்சர் மேல அடைஞ்ச புல்லை குச்சி விட்டு நோண்டி எடுங்க. புது டீசல் வண்டி கரியை எரிச்சு ஃபில்டரை சுத்தம் பண்ற நேரத்துல உள்ள 600 டிகிரி வரைக்கும் போகும், அப்ப போய் முழங்கால் உயரப் புல்லுல நிறுத்தி லைட்டு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. டோட்டல் ஃபயர் பேன் (தீ ஆபத்து ஜாஸ்தின்னு வெளிய நெருப்பு மூட்டவே தடை) அறிவிச்ச நாள்ல வீட்ல இருங்க, நரி நாளைக்கும் வரும். தீயணைப்பான் கேபினுக்குள்ள கை எட்டுற இடத்துல. டிரேல, டூல்பாக்ஸுக்கு உள்ள, பூட்டி வெச்சிருந்தான் ஒருத்தன்.

துப்பாக்கி என் தொழில் இல்ல, அதனால நீட்டல. ஆனா வண்டில நான் பாக்குறதைச் சொல்லணும். டிரேல நிக்கிற அந்த ஃபிரேம் எந்த இன்ஜினியரும் கையெழுத்து போட்டது இல்ல. முயல் குழில ஒரு சக்கரம் இறங்குனா வண்டி நிக்கும், மேல நிக்கிறவன் நிக்க மாட்டான். ஊர்ல டெம்போ பின்னாடி நின்னு போன பழக்கத்துல "இது என்ன பெரிய விஷயம்"னு ஏறாதீங்க, இங்க பொது ரோட்ல அப்படிப் போனா ஃபைனு வேற. வண்டி ஓடும்போது சேம்பர்ல (சுடத் தயாரா தோட்டா உக்காருற இடம்) தோட்டா இருக்கக் கூடாது, ரெஸ்ட்ல சாஞ்சிருக்கிற துப்பாக்கிலயும்தான், லைட்டு வயர் சுத்தி ட்ரிக்கர் பக்கம் தொங்குறதை நானே பாத்திருக்கேன். லைட்டு பிடிக்கிறவங்க, கண்ணு மினுங்குறதை மட்டும் பாத்து "அதோ"ன்னு கத்தாதீங்க. ஆட்டுக்கும் மினுங்கும், பக்கத்துப் பண்ணை நாய்க்கும் மினுங்கும். உருவம் முழுசாத் தெரியணும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியணும், சின்ன .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல போகும்.

கடைசியா விசால இருக்கிற பசங்களுக்கு, இது திட்டு இல்ல, கெஞ்சிக் கேக்குறேன். ஓனர் சொன்னா முடியாதுன்னு சொல்ல பயம், தெரியும். நானும் விசால வந்தவன்தான். ஆனா உயிருக்கோ உடம்புக்கோ உடனடி பெரிய ஆபத்துன்னு நியாயமான காரணம் இருந்தா வேலைய நிறுத்த உனக்கு உரிமை இருக்குன்னு இங்க 2011 வேலைப் பாதுகாப்புச் சட்டத்துலயே எழுதிருக்கு, விசா எந்த வகைன்னு அது கேக்கல. சண்டை போட வேண்டாம். "நான் வீட்டு எலக்ட்ரீஷியன், வண்டி வயரிங் எனக்குத் தெரியாது, ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுவோம்"னு சொல்லுங்க, முக்கால்வாசி ஓனருங்க சரின்னுருவாங்க, அவங்களுக்கும் அந்த யூட்டு வேணும்ல. ஒத்துக்கலன்னா சேஃப்வொர்க் (வேலைப் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு) நம்பர் 13 10 50, தமிழ்ல பேசணும்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. இன்னிக்கு ராத்திரியே கிளம்புறீங்கன்னா, பானெட்டைத் தொறந்து பிளஸ்ல இருந்து போற வயரை விரலால பிடிச்சுக்கிட்டே போங்க, ஒரு சாணுக்குள்ள ஃப்யூஸ் கைல தட்டலன்னா அந்த வயரைக் கழட்டிட்டு கை டார்ச்சோட போங்க.