உள்ளே பெயின்ட் அடித்தால் ஓதம் நிற்காது

"வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்தான் சார் அடிச்சோம். இருக்கறதுலயே நல்லதைத்தான் வாங்கினோம். இருந்தும் பொரியுது."

கட்டடங்களைப் பார்த்துக் குறை சொல்வது என் தொழில். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியாகச் சொன்னது, புதிதாக ஒரு தரைத்தள வீடு வாங்கிக் குடியேறிய தம்பதி. வாங்கும்போது வீடு பளபளவென்று இருந்ததாம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் படுக்கையறைச் சுவர் அடியிலிருந்து கொப்பளித்துவிட்டது. சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடித்தார்கள். மறுபடி கொப்பளித்தது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிடத் தோன்றியிருக்கிறது. அந்த மட்டில் இவர்கள் தேவலை. நாலைந்து முறை அடித்துச் சலித்த பிறகு கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். வெளியிலிருந்து சுவருக்குள் வரும் தண்ணீரை, உள்பக்கம் அடிக்கும் பெயின்ட் தடுக்காது. தண்ணீர் ஏற்கனவே சுவருக்குள் வந்தாகிவிட்டது. அது காற்றில் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது. நீங்கள் அந்த முகத்தை அடைக்கிறீர்கள். பிறகு அது பெயின்டுக்குப் பின்னால் நிற்கும். செங்கல், மணல், சிமென்ட், அடிமண் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து கூடவே வரும். தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமே? பெயின்டைத் தள்ளும், பட்டியை உதிர்க்கும், கடைசியில் சிமென்ட் பூச்சையே பொடியாக்கும். சுவரடியில் வெள்ளையாக மாவு போலக் கொட்டுவது அதுதான். பாவம், பெயின்ட் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் நடக்கும். கெட்டியான பெயின்ட் அடித்த சுவரில் ஓதம் முன்னைவிட உயரமாக ஏறும். இரண்டடி உயரத்தில் ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்துக்கு அங்கே வழி அடைபட்டால் மூன்றடிக்குப் போகும். டைல்ஸ் ஒட்டி மறைத்தாலும், பலகை அடித்து மறைத்தாலும் இதே கதை: ஒட்டிய இடத்துக்கு மேலே ஒரு கோடு போட்டுக்கொண்டு வெளியே வரும்.

நீர்க்காப்பு என்பது தண்ணீர் வருகிற பக்கத்தில் செய்கிற வேலை. மொட்டைமாடிக் கசிவென்றால் மாடியின் மேல்முகத்தில். குளியலறைக் கசிவென்றால் அந்தத் தரை டைல்ஸுக்கு அடியில். வெளிப்புறம் தோண்டவே முடியாத நிலவறைகளுக்கு உள்ளிருந்தே செய்யும் முறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பழைய பூச்சையெல்லாம் உடைத்தெடுத்துச் சிமென்ட் சார்ந்த கலவையால் செய்வார்கள். பெயின்ட் டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையோடு வந்து மழையோடு போனால் வெளிச்சுவரோ மேல்தளமோ. வெயில் காலத்திலும் ஒரே மாதிரி நின்றால் குழாய். வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. மீட்டருக்கும் குழாய்க்கும் நடுவே தொட்டி இருந்தால், தொட்டிக்குள் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு அதன் மட்டத்தைக் குறித்து வைத்துப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க் கசிவு இரண்டிலுமே தெரியாது, அதை மறக்காதீர்கள். தரையிலிருந்து ஏறி, சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புக்கோடு போட்டு நின்றால் நிலத்து ஈரம். மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது.

கடைசியது சந்தேகமாக இருந்தால், சுவரைத் துடைத்துக் காயவிட்டு ஓர் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காற்றின் ஈரம் என்றால் கொத்தனார் தேவையில்லை. துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், குளித்ததும் சமைத்ததும் காற்றை வெளியேற்றுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

கூரையில் கறை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். தண்ணீர் தளத்தின் சரிவிலும் மின்கம்பி போகும் குழாய்க்குள்ளும் ஓடி, இளைத்த இடம் பார்த்து வெளியே வரும். கறைக்கு மேலே மட்டும் உடைத்துப் பூசிவிட்டுப் போகிற ஆள் மறுபடி வருவார்.

ஒரு புலம்பல். இப்போது எல்லோரும் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிவிடுகிறார்கள். அது அளப்பது மின்தடையை. அதன் அளவுகள் பெரும்பாலும் மரத்துக்கென்று வகுக்கப்பட்டவை. ஈரத்தைப் போலவே உப்பும் மின்தடையைக் குறைக்கும், அதனால் சுவரில் உப்பு இருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் கத்தும். எண்ணைப் பார்த்து என்னைக் கூப்பிடாதீர்கள். ஒரே சுவரில் இடத்துக்கு இடம் அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள், அதற்குத்தான் அது உதவும்.

அந்தத் தம்பதி வீட்டில் என்ன தெரியுமா? முன்பு இருந்தவர்கள் படுக்கையறை வெளிச்சுவரை ஒட்டி ஒரு பூச்செடிப் பாத்தி கட்டியிருந்தார்கள். அந்த மண், உள்தரையைவிட உயரத்தில் இருந்தது. நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேல் போட்டிருந்த ஓதக்காப்பு அடுக்கைத் தாண்டி மண் ஏறிவிட்டால் அந்த அடுக்கு இருந்தும் இல்லாததுதான். வெளிமண் அதற்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மண்ணை வாரி எடுக்கச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகவே கேட்டார்கள்.

அவ்வளவுதான் இல்லை. காத்திருக்க வேண்டும். வழியை அடைத்த பிறகும் சுவர் மெதுவாகத்தான் காயும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் வைத்துக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. "ரெண்டு நாள்ல காஞ்சிடும் சார்" என்று பெயின்டர் சொன்னால் நம்பாதீர்கள். உதிர்ந்த பூச்சை எடுத்துவிட்டு, உப்பைத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இனி, வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு. ஹாலைப் பார்க்கிறீர்கள், சமையலறை அலமாரியைத் திறந்து மூடிப் பார்க்கிறீர்கள், பால்கனியில் நின்று போட்டோ எடுக்கிறீர்கள். மாடிக்கு மட்டும் யாருமே ஏறுவதில்லை! ஏறுங்கள். மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, தண்ணீர் தேங்கிய வட்டக்கறை இருக்கிறதா, கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடம் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. பூட்டிக்கிடந்த அறைக்குள் நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். பாத்திரத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு சுவர் மட்டும் புதிது என்றால் ஏன் என்று வாய்விட்டுக் கேளுங்கள். குளியலறைக்கு நேர் கீழே மட்டும் பொய்க்கூரை போட்டிருந்தால் ஒரு விளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கடன் கட்டப்போவது நீங்கள்.

இப்போது சொல்லப்போவது அழகு சம்பந்தப்பட்டதல்ல. தயவுசெய்து நின்று படியுங்கள். தளத்தின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக விரிசல் ஓடினால், பழுப்புக் கறை இறங்கினால், கழியால் தட்டும்போது டொக்கென்று வெற்றோசை கேட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடும். அந்த இடத்தில் சிமென்ட் அப்பி வெள்ளையடிப்பது மிகவும் ஆபத்து. தளர்ந்ததை முழுக்க உடைத்தெடுத்து, கம்பியைச் சுற்றிலும் சுத்தம் செய்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும். அதுவரை அந்த இடத்துக்குக் கீழே கட்டில் வேண்டாம். குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டாம்.

ஈரச்சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தாலோ, சுவரைத் தொடும்போது சுருக்கென்றாலோ, காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நீர்க்காப்பு வேலைக்கு ஆள் வைக்கிறீர்களா? டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வடிகாலை அடைத்து, 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்ப்போம் என்று வேலைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு இன்னொரு முறை. "அதெல்லாம் தேவையில்லை, என் வேலைக்கு நான் கேரண்டி" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.