லைப்ரரிய சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க

பதினோரு வருஷமா ஜாவால பில்லிங், ஸ்டாக், கணக்கு சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர் தான் எழுதிட்டு இருக்கேன். டீம்ல புதுசா சேர்ற பசங்க ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிய, அதாவது வேற யாரோ எழுதி எல்லாருக்கும் தொறந்து வச்ச ரெடிமேட் கோட, எப்படி எடுக்கறாங்கன்னு பாத்தா எனக்கு பயமாவே இருக்கு, கிட்ஹப்ல எத்தனை ஸ்டார்னு பாக்கறாங்க, ஒரு யூடியூப் வீடியோ பாக்கறாங்க, உடனே புராஜெக்ட் ஃபைல்ல அந்த லைப்ரரி பேர ஒரு வரியா சேர்த்துடறாங்க. அந்த ஒரு வரிய பின்னாடி எடுக்கறது எவ்ளோ கஷ்டம்னு நான் பட்டு தெரிஞ்சுகிட்டேன், அதனால தான் இத எழுதறேன்.

ஈரோடு பக்கம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு பில்லிங் பண்ணிக் குடுத்தோம். டேட்டாபேஸுக்கு ஹைபர்னேட், டேபிள்ல இருக்கறத ஜாவா ஆப்ஜெக்டா மாத்தி குடுக்கற லைப்ரரி, எஸ்கியூஎல்ல அதுவே எழுதிக்கும். ஆபீஸ்ல பத்து பில்ல வச்சு டெஸ்ட் பண்ணப்ப பட்டுன்னு வந்துச்சு. தீபாவளி சீசன்ல கடைல இருந்து போன், "சார், பில் லிஸ்ட்ட தொறந்தா சுத்திக்கிட்டே இருக்குதுங்க, கஸ்டமர் நிக்கறாங்க". டேட்டாபேஸுக்கு என்னென்ன குவரி போகுதுன்னு காட்டற எஸ்கியூஎல் லாக்க ஆன் பண்ணி பாத்தேன். பில்லு எல்லாத்தையும் எடுக்க ஒரு குவரி, அதுக்கப்புறம் கஸ்டமர் டேபிள்ல ஒரே செலக்ட் வரி, நம்பர் மட்டும் மாறி மாறி ஸ்கிரீன் ஃபுல்லா ஓடிட்டே இருக்கு. 300 பில்லு, 300 வேற வேற கஸ்டமர், மொத்தம் 301 குவரி! ஹைபர்னேட் ஃபாலோ பண்ற ஜாவா ஸ்டாண்டர்டான ஜேபிஏல, மெனி டு ஒன் உறவுக்கு (பல பில்லு ஒரு கஸ்டமருக்குங்கற மாதிரி) டிஃபால்ட்டே ஈகர், நாம ஒண்ணும் சொல்லலன்னா கேக்காமயே போய் எடுத்துட்டு வந்துடும். கேட்டா மட்டும் எடுக்கற லேஸின்னு மாத்தி, அந்த ஒரு எடத்துல மட்டும் பில்லையும் கஸ்டமரையும் சேர்த்தே எடுக்கற ஜாயின் ஃபெட்ச் போட்டதும் ஒரே குவரில முடிஞ்சுது. ஹைபர்னேட் மேல தப்பு இல்ல, டாக்குமென்ட்ல இதெல்லாம் தெளிவா இருக்கு, நாங்க படிக்கல, நெஜக் கடை அளவு டேட்டா போட்டும் பாக்கல.

அதனால டேட்டாபேஸ் லைப்ரரி எதுவா இருந்தாலும் மொதல்ல ஒரு லட்சம் ரோ போடுங்க, அது அனுப்பற எஸ்கியூஎல்ல கண்ணால படிங்க. என்ட்ரி ஸ்கிரீனுக்கு ஹைபர்னேட் ரொம்ப வசதி. அஞ்சாறு டேபிள் சேர்ற ரிப்போர்ட்டுக்கு நான் எஸ்கியூஎல்ல நம்ம கைலயே விடற மைபேட்டிஸ் இல்லன்னா ஜூக் லைப்ரரி பக்கம் தான் போவேன். ஜூக்ல ஒண்ணு கவனிக்கணும், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல்லுக்கு இலவசம், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வருக்கு காசு கட்டணும்.

இத விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணியிருந்தோம். டிஸ்கவுன்ட் கழிச்சு ஜிஎஸ்டி போடற கணக்க பில் டேபிளோட நேரா இணைஞ்ச என்டிட்டி கிளாஸுக்குள்ளயே எழுதி வச்சிருந்தோம், பக்கத்துலயே இருக்கட்டுமேன்னு. 2022 நவம்பர்ல ஜாவா ஆப் கட்டற ஃபிரேம்வொர்க் ஸ்பிரிங் பூட் 3 வந்துச்சு, லைப்ரரிய உள்ள இழுக்கற இம்போர்ட் வரில ஜாவாக்ஸ்னு இருந்ததுல பலதும் ஜகார்த்தான்னு ஆச்சு, கூடவே ஹைபர்னேட் 6. பேர் மாத்தறது அரை மணி நேர வேலை தான். ஆனா வரிக்கணக்கும் டேட்டாபேஸ் கோடும் ஒரே கிளாஸ்ல பின்னிக் கெடந்ததால எங்க கைவெச்சா எங்க பைசா மாறும்னு யாராலயும் சொல்ல முடியல, பழைய பில்ல எல்லாம் எடுத்து வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டு பாத்தோம், மூணு வாரம் போச்சு.

அப்ப ஒருத்தர் விதிகள கோட்ல இருந்து பிரிச்சு தனியா எழுதி ஓட்டற ட்ரூல்ஸ் மாதிரி ரூல் என்ஜின் போட்டுடலாமேன்னாரு. நூத்துக்கணக்கான விதி ஒண்ணோட ஒண்ணு மோதற இன்சூரன்ஸ் மாதிரி எடத்துக்கு அது சரி, நாலஞ்சு வரி ஸ்லாபுக்கும் ரெண்டு டிஸ்கவுன்ட்டுக்கும் வேண்டாம்னுட்டேன். சாதா ஜாவா கிளாஸ் போதும், அதுல எந்த லைப்ரரியோட இம்போர்ட்டும் இருக்கக் கூடாது. காசுக்கு டபுள்ங்கற நம்பர் டைப் போடாதீங்க, 0.1ம் 0.2ம் கூட்டினா 0.30000000000000004னு வரும், தசமத்த அப்படியே வச்சுக்கற பிக்டெசிமல் தான் போடணும்.

லைசென்ஸ யாரும் படிக்கறதில்ல. இன்னொரு புராஜெக்ட்ல பில்ல பிடிஎஃப் ஆக்க ஐடெக்ஸ்ட் போட்டிருந்தோம், அது 2009ல 5வது வெர்ஷன்ல இருந்து ஏஜிபிஎல் லைசென்ஸ், அதாவது நம்ம கோட தொறந்து குடுக்கணும், இல்ல காசு குடுத்து வேற லைசென்ஸ் வாங்கணும். டெலிவரிக்கு நாலு நாள் முன்னாடி தான் தெரிஞ்சுது. ராத்திரி ராத்திரியா ஓப்பன்பிடிஎஃப்புக்கு மாத்தினோம். நேத்து இருந்த லைசென்ஸ் நாளைக்கும் இருக்கும்னும் இல்ல, மெமரிலயே டேட்டா வைக்கற ரெடிஸ் டேட்டாபேஸுக்கு 2024 மார்ச்ல மாத்தினாங்க, அதுல இருந்து பிரிஞ்சு வந்தது தான் வால்கீ.

அப்புறம் நீங்க சேர்க்கறது ஒண்ணுன்னா அது கூட்டிட்டு வர்றது இருபது. 2021 டிசம்பர்ல புரோகிராம்ல நடக்கறத லாக்கா எழுதற லாக்4ஜே லைப்ரரில பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப "நாம அத போடவே இல்லியே"ன்னு தான் நாங்களும் சொன்னோம், எந்த லைப்ரரி எத கூட்டிட்டு வருதுன்னு காட்டற மேவன் டிபென்டென்சி ட்ரீய எடுத்து பாத்தா வேற ஒரு லைப்ரரி வழியா உள்ள உக்காந்திருக்கு. ஓட்டைய அடைக்க 2.15 வெர்ஷன் போட்டோம், அது பத்தல, 2.16, அப்புறம் 2.17, எல்லாம் அதே மாசத்துக்குள்ள. இப்ப எத சேர்த்தாலும் அந்த ட்ரீய மொதல்ல பாக்கறேன், கடைசி ரிலீஸ் எப்ப, கோட மாத்தி கமிட் பண்றது ஒரே ஆளா, கேட்ட கேள்விக்கு பதில் வருதான்னு பாக்கறேன். சின்ன வேலையா இருந்தா நாமளே எழுதிடலாம், 2016ல லெஃப்ட் பேட்னு வெறும் 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ எழுதினவரே பொதுவுல இருந்து எடுத்துட்டதுக்கு உலகம் பூரா எத்தனையோ பேரோட பில்டு நின்னுச்சு.

அந்த ஜவுளிக்கடை கோட்ல வரிக்கணக்க தனியா பிரிச்சு எடுத்துட்டோம். அதோட டெஸ்ட் எல்லாம் டேட்டாபேஸே இல்லாம ரெண்டு செகண்டுல ஓடி முடியுது. போன மாசம் ஹைபர்னேட் வெர்ஷன மாத்தினப்ப அந்த ஃபோல்டர்ல ஒரு வரி கூட மாத்தல.