மூடினால் திறக்கும் புதிர்

வீடியோ கேம் கருவியின் ஒரு திரையில் முத்திரைக் கட்டை, மற்றொன்றில் வெறும் தாள். கட்டையைத் தாளில் பதிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தாணியால் தொட்டேன், இழுத்தேன், இருந்த பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன். எதுவும் அசையவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கருவியை மடித்து மூடினேன். மனம் கேட்காமல் மறுபடி திறந்தபோது தாளில் முத்திரை பதிந்திருந்தது! ஆவி ஒன்று உலவும் கதை என்பதால், ஒரு நொடி மெய்யாகவே சிலிர்த்துப்போனேன்.

நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக 2005இல் வந்த ‘அனதர் கோட்: டூ மெமரீஸ்’ என்ற வீடியோ கேம் அது. ஜப்பானைச் சேர்ந்த சிங் என்ற சிறிய நிறுவனம் அதை உருவாக்கியது. பதினான்காவது பிறந்தநாளை நெருங்கும் ஆஷ்லி என்ற சிறுமி, இறந்துவிட்டதாக நம்பியிருந்த தந்தையைத் தேடி பிளட் எட்வர்ட் தீவுக்கு வருகிறாள். அங்கே அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு சிறுவனின் ஆவியைச் சந்திக்கிறாள். அவன் இறந்து 57 ஆண்டுகள் ஆகின்றன. எப்படி இறந்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. இருவரும் சேர்ந்து பழைய மாளிகை ஒன்றின் அறைகளைத் துழாவுகிறார்கள்.

அந்த முத்திரை எப்படிப் பதிந்தது? டிஎஸ் கருவி புத்தகம் போல மடிவது. மேல்பாதியில் ஒரு திரை, கீழ்பாதியில் ஒரு திரை, நடுவே கீல். கீழ்ப்பாதிக்குள் காந்தப்புலத்தை உணரும் சிறு உணரி ஒன்று இருக்கிறது. மூடியிருப்பதைக் கண்டறிவதற்கென்று தனிக் காந்தம் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேல்பாதியின் வலது ஸ்பீக்கருக்குள் ஒலியை எழுப்புவதற்காக ஏற்கெனவே ஒரு காந்தம் இருக்கிறது; மூடும்போது அதுவே உணரிக்கு நேராக வந்து நிற்கிறது. இசையைத் தரும் அதே காந்தம்தான் கதவு மூடியதையும் சொல்கிறது.

சிறு காந்தத்தின் புலம் தொலைவு கூடக்கூட மிக வேகமாக வலுவிழக்கும். தொலைவு இரு மடங்கானால் வலு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் பாதி மடித்த நிலையில் உணரிக்கு ஒன்றும் எட்டுவதில்லை. முழுவதும் மூடும் தறுவாயில்தான் அது சட்டென்று விழிக்கிறது. இடைப்பட்ட நிலை எதுவும் அதற்குக் கிடையாது. திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது என்ற ஒற்றைத் தகவல் மட்டுமே கருவியின் மூளையான ப்ராசஸருக்குப் போய்ச் சேரும்.

மூடி மூடப்பட்டதும் பெரும்பாலான விளையாட்டுகள் திரைகளை அணைத்து உறக்கநிலைக்குப் போய்விடும், மின்கலம் மிச்சமாகும். ஆனால் அப்படி உறங்கச் சொல்வது விளையாட்டின் நிரல்தான். கருவி தானாகக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தச் சிறு சுதந்திரத்தைத்தான் சிங் நிறுவனத்தார் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ‘போய் உறங்கு’ என்பதற்கான சைகையை ‘முத்திரை குத்து’ என்று வாசிக்கும்படி நிரலை எழுதினார்கள். விடை திரைக்குள் இல்லை, என் இரு கைகளில் இருந்தது.

தொடுதிரையும் இன்றைய கைப்பேசித் திரையைப் போன்றதல்ல. மின்சாரம் கடத்தும் பூச்சு பூசிய இரண்டு அடுக்குகள் மெல்லிய இடைவெளியுடன் இருக்கும்; அழுத்திய இடத்தில் இரண்டும் ஒட்டும். ஓர் அடுக்கில் இடமிருந்து வலமாக மின்னழுத்தம் கொடுத்து, ஒட்டிய புள்ளியில் எவ்வளவு இருக்கிறது என்று மற்ற அடுக்கின் வழியே அளந்தால் கிடைமட்ட இடம் தெரிந்துவிடும். பிறகு அடுக்குகள் பணியை மாற்றிக்கொண்டு மேல்கீழ் இடத்தை அளக்கும். ஆகவே எழுத்தாணி, நகம், பென்சிலின் பின்முனை என எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும். விளையாட்டில் வாயால் ஊத வேண்டிய இடங்களில் கருவியின் மைக்ரோஃபோன் உதவுகிறது. மூச்சு அதன் துளையில் மோதிச் சுழலும்போது எழும் கரகரப்பான பேரிரைச்சலையே நிரல் ‘காற்று’ என்று எடுத்துக்கொள்கிறது.

இவை எல்லாவற்றையும் மிஞ்சியது இன்னொரு புதிர். அதில் திரைக்கு ஒன்றாக இரண்டு படங்கள். தனித்தனியே பார்த்தால் பொருள் விளங்காது. கருவியைப் பாதி மடித்துச் சாய்த்து, ஒரு திரையின் பிம்பத்தை மற்றொரு திரையின் மேல் விழச் செய்தால்தான் விளங்கும். இதில் உணரிக்கு வேலையே இல்லை. கண்ணாடி போன்ற பளபளப்பான பரப்பு நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; சாய்வு மிகுந்தால் இன்னும் கூடுதலாக அனுப்பும். இரவு பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் தெரிவதும் இதனால்தான். வெளியே இருள் இருப்பதால் அந்தச் சிறு ஒளியே போதுமானதாகிறது. திரையிலும் இருண்ட பகுதிகளில்தான் பிம்பம் நன்றாக எடுபடும். குளத்து நீரில் கரைமரம் தலைகீழாகத் தெரிவதுபோல மேல்திரையின் பிம்பமும் தலைகீழாகவே விழும். அதையும் கணக்கில் வைத்துத்தான் படத்தை அமைக்க முடியும்.

யோசித்துப் பாருங்கள்: எந்தக் கோணத்தில் மடித்திருக்கிறோம் என்று அறியும் வழி டிஎஸ்ஸுக்கு இல்லை. இரு படங்களும் ஒன்றுசேர்வது கருவியின் நினைவகத்தில் எங்கும் நிகழ்வதில்லை. விளையாடுபவரின் கண்ணில் மட்டுமே நிகழ்கிறது. ஆஷ்லியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் அந்தச் சிறுவனைப் போல.

சிங் நிறுவனம் 2010இல் நொடித்துப்போனது. 2024 ஜனவரியில் இந்தக் கதை நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஸ்விட்ச் கருவியில் ஒரே திரை, அது மடியாது. மூடி முத்திரை குத்தவோ, ஒரு திரையை மற்றொன்றில் பார்க்கவோ அதில் இடமில்லை. கணினியில் டிஎஸ்ஸைப் போலச் செய்து காட்டும் மென்பொருளில்கூட மூடியை மூடுவது ஒரு விசையை அழுத்துவதாகச் சுருங்கிவிடுகிறது. பிம்பப் புதிருக்கோ அந்த விசையும் உதவாது. மடியாத கணினித் திரையில் ஒரு படம் இன்னொன்றின் மேல் விழ வழியில்லை. பழைய டிஎஸ் ஒன்று வீட்டில் கிடந்தால், கீல் தளர்ந்திருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த இரண்டு புதிர்களுக்கும் அதுதான் வீடு.