செக்ரோலில் பாதியாகும் நாட்கள்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் தொழிற்சட்டப் பிணக்குகளைப் பார்த்துவரும் சட்டத்தரணி என்ற முறையில் சொல்கிறேன்: பிரசவக் காசு கிடைக்காமல் என்னிடம் வரும் தேயிலைத் தோட்டப் பெண்களில் பலருக்கு உரிமை தெரியாமலில்லை; செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள் பதிவேட்டில், அவர்களுடைய நாட்கணக்குத்தான் எங்கோ குறைந்திருக்கும். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிரசவம் பற்றித் தொழில்தருநருக்கு அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டில் அதே தொழில்தருநரிடம் 150 நாட்களாவது வேலை செய்த பெண், பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் என 12 வாரக் கொடுப்பனவுக்கு உரித்துடையவர்.

அந்த 150இல்தான் சிக்கல். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், சம்பளத் துண்டுகளை மழையில் நனையாதபடி பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். அலுவலகம் 141 நாள் என்று கையை விரித்துவிட்டதாம். பையில், அவருடைய மகள் அந்தியில் பென்சிலால் குறித்துவைத்த கொப்பி ஒன்றும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு எண்ணினால், பறித்த கொழுந்தின் நிறை போதாதென்று அரைப்பேர் (அரை நாள்) போட்ட 22 நாட்கள் கணக்கில் 11ஆகச் சுருங்கியிருந்தன. உண்மையில் அவர் மலையேறி வேலை செய்தது 152 நாள். வேலை செய்த நாளைத்தான் சட்டம் கேட்கிறது, கொழுந்தின் கிலோவை அல்ல என்று எழுதி அனுப்பினோம். தொழில் திணைக்களத்துக்குப் போகுமுன்பே காசு வந்தது. கைக்காசுக்கு, அதாவது நாட்சம்பளமில்லாமல் கிலோக் கணக்கில் காசு வாங்கிப் பறிக்கும் நாட்களையும் இப்படிக் குறித்துவைப்பது நல்லது. அவை செக்ரோலில் விழுவதேயில்லை என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறேன்.

மூன்றாம் பிள்ளைக்கு ஆறு வாரந்தான் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உயிருடன் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் 12 வாரமே. கர்ப்பத்தையோ பிரசவத்தையோ அதனால் வரும் நோயையோ மட்டும் காரணங்காட்டி வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது; பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மாதங்களுக்குத் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கான வேலையைக் கொடுக்கவும் முடியாது.

யாரும் கேட்காத உரிமை பாலூட்டும் நேரம். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரு இடைவேளைகள். பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பிடம்) இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேல்மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போய்விடுகிறது என்கிறார்கள் தாய்மார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் காம்பராவுக்கு அருகிலுள்ள மலைக்கு அனுப்பும்படி கங்காணியிடமும் (வேலை மேற்பார்வையாளர்) துரையிடமும் (தோட்ட முகாமையாளர்) எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியொன்றில் திகதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.