“அர்த்தம் புரியாத வயசுதானே டாக்டர்?”

ஜனவரி பிறந்தால் தருமபுரியில் மழலையர் பள்ளிகளுக்கு ஆண்டு விழா, விளையாட்டு விழா நேரம். குழந்தை மருத்துவர்களுக்கும் அது ஒரு சீசன்தான். வெயிலில் ஒத்திகை பார்த்துச் சுருண்டு விழுந்த பிள்ளைகள், மேக்கப்பில் கன்னம் தடித்த பிள்ளைகள், தொண்டை கட்டிய பிள்ளைகள் என்று வருவார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடுவோம். இந்த வருடம் வந்த ஒரு பையனை அப்படி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

யு.கே.ஜி. படிக்கிறான். ஐந்து வயது முடியவில்லை. பள்ளி விழாவில் ஒரு சினிமாக் குத்துப் பாட்டுக்கு ஆட்டம், அதில் அவனுக்குக் குடிகாரன் வேடம். மடித்துக் கட்டிய லுங்கி, கறுப்புக் கண்ணாடி, கையில் குளிர்பானம் ஊற்றிய குவாட்டர் பாட்டில். தள்ளாடிக்கொண்டு வந்து, பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்து, புறங்கையால் வாயைத் துடைக்க வேண்டும். அந்த இடத்தில் கூட்டமே கைதட்டிச் சிரித்ததாம். விழா முடிந்தும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் “எங்க கண்ணு, அந்த ஸ்டெப்பைப் போட்டுக் காட்டு” என்பார்கள், அவனும் போடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா மிச்சம் வைத்திருந்த நிஜ பாட்டில் கட்டிலுக்கு அடியில் அவன் கைக்குக் கிடைத்துவிட்டது. தூக்கி வந்தபோது கண் சொருகியிருந்தது, உடம்பு சில்லிட்டிருந்தது, ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டதில் பிழைத்துக்கொண்டான்.

இதோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளை மதுவை விழுங்கிவிட்டால் “தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்” என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். தூங்கத் தூங்கச் சர்க்கரை இறங்கும், வலிப்பு வரும். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்த மிஸ்ஸிடம் பேசினேன். பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருக்கும் பெண்தான். பையனைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கினார். ஆனால் பாட்டுப் பேச்சு வந்ததும் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்: “அர்த்தம் புரியாத வயசுதானே டாக்டர்?” இதே கேள்வியைக் காரிமங்கலத்திலும் கேட்டிருக்கிறேன், ஓசூரில் கார் வைத்திருக்கும் பெற்றோர் வாயிலும் கேட்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது.

சரி, புரியாது. ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பயமே அதனால்தான். பாட்டு வரிகளில் இருக்கும் கிண்டல் புரிந்த பெரியவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். நாலு வயதுப் பிள்ளைக்குக் கிண்டல் தெரியாது. எது நடிப்பு, எது நிஜம் என்பதும் அந்த வயதில் அரைகுறைதான். தன் உடம்பு என்ன செய்தது, செய்ததும் பெரியவர்கள் முகம் எப்படி மலர்ந்தது, இந்த இரண்டும்தான் அதற்குப் பிடிபடும். பாட்டில் என்றால் என்ன என்று அந்தப் பையனுக்குப் புரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆங்கில ரைம்ஸில் ஒரு வரிக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனாலும் அதை ஒப்பித்ததும் “எப்படிப் பிடிச்சுக்கிச்சு பாருங்க” என்று பூரித்துப் போகிறோம். ரைம்ஸ் என்றால் மூளையில் ஏறும், குத்துப் பாட்டு என்றால் ஏறாது என்று பிள்ளையின் மண்டைக்குள் யாரும் வடிகட்டி வைக்கவில்லை. ஒரு மாதம், தினமும், கையைப் பிடித்து, தாளம் தட்டி, “இன்னும் நல்லா ஆட்டு” என்று ஊக்கப்படுத்திச் சொல்லித் தருகிறோம். ‘அ’ எழுதக்கூட யாரும் இத்தனை மெனக்கெட்டுச் சொல்லித் தருவதில்லை. அப்புறம் “அது ஒண்ணும் மனசுல நிக்காது டாக்டர்” என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். ஜூன் மாதம் அதே பள்ளியில் சரியான தொடுதல், தவறான தொடுதல் என்று பாடம் நடக்கிறது. யாராவது தப்பாகத் தொட்டால் கத்து, ஓடு, அம்மாவிடம் சொல் என்கிறோம். ஜனவரியில், பெரியவர்களுக்காக எழுதிய பாட்டுக்கு, பெரியவர்களுக்காக அமைத்த அசைவுகளை அதே பிள்ளைக்குச் சொல்லித் தந்து மேடையேற்றுகிறோம். கூட்டத்தில் விசில் பறக்கிறது. பிள்ளைக்கு எதுவும் புரியாதுதான், ஆனால் பார்க்கிறவனுக்குப் புரிகிறதே. “அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டு பாப்பா, மிட்டாய் தர்றேன்” என்று தனியாகக் கூப்பிடுகிறவனிடம் பிள்ளை ஏன் சந்தேகப்படப் போகிறது? மொத்த ஊரும் கைதட்டிய ஆட்டம் ஆயிற்றே. பாலியல் தொல்லைக்குக் காரணம் தொல்லை செய்கிறவன் மட்டும்தான், பாட்டோ பாவாடையோ இல்லை. ஆனால் கத்தி ஓட வேண்டிய இடம் எது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே, அதை நாமே குழப்பிவிடுகிறோம். (பிள்ளைக்கு ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால் 1098. இலவச எண், எந்த நேரமும் கூப்பிடலாம்.)

2019 ஜூனில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. நடன நிகழ்ச்சிகளில் சிறு குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத, ஆபாசமான அசைவுகளோடு காட்ட வேண்டாம் என்று. டி.வி.க்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருந்ததை நம் எல்.கே.ஜி. மேடைக்கு யார் சொல்வது?

குட்டி மணப்பெண், ஒட்டு மீசை மாப்பிள்ளை, கழுத்தில் மாலை என்று ஒரு வகைப் பாட்டும் உண்டு. “க்யூட்டா இருக்கு” என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குகிறார்கள். நாம் மேடையிலேயே நடத்தி வைத்துப் படம் எடுக்கிறோம். அடுத்தது தெர்மாகோல் அரிவாளும் சாதிப் பெருமையும் பேசும் பாட்டுகள். இந்த மண்ணில் அதற்குக் காரணம் வேறு விளக்க வேண்டுமா?

சினிமாப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. மிஸ்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: இசையை நிறுத்திவிட்டு, வரிகளைத் தாளில் எழுதி, ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்பும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எந்த வரியில் குரல் தயங்குகிறதோ அங்கேயே பாட்டைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டெப்பை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். “வீட்டில் பழக்குங்கள்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் யூடியூப் லிங்க் அனுப்புகிறீர்கள். பிள்ளை உங்கள் ஸ்டெப்பையா பார்க்கிறது? அந்த வீடியோவைப் பார்க்கிறது, அது முடிந்ததும் தானாக ஓடும் அடுத்த வீடியோவையும் பார்க்கிறது. ஆடியோவை மட்டும் அனுப்புங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பஞ்சம் வந்த ஊரா இது? கும்மி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது, ஊருக்கு ஊர் கூத்து வாத்தியார் இருக்கிறார். ஒகேனக்கல் பரிசல் ஒன்று போதும். வட்டமாக உட்கார்ந்து துடுப்புப் போட்டுச் சுற்றிச் சுற்றி வரச் சொல்லுங்கள், எல்.கே.ஜி. மொத்தமும் குஷியாகிவிடும். தேன்கனிக்கோட்டைக் காட்டு யானை, புளி உலுக்குவது, மாம்பழக் கூடை, ராகி களி கிண்டுவது என்று எதை வேண்டுமானாலும் ஆட்டமாக்கலாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அந்தப் பாட்டிகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆட்டத்தையும் வயதுக்குத் தகுந்தபடி வையுங்கள். மூன்று வயதில் குதிக்கும், ஓடும். ஒற்றைக் காலில் நொண்டுவது நாலு வயது வாக்கில்தான் வரும், கால் மாற்றி மாற்றித் துள்ளுவது ஐந்து வாக்கில். வராத ஸ்டெப்புக்காகப் பிள்ளையை எல்லோர் முன்னும் நிற்க வைத்துத் திட்டாதீர்கள். இரண்டு நிமிடப் பாட்டு தாராளம். ஒத்திகை வெயில் ஏறும் முன் முடியட்டும், நடுவில் தண்ணீர் கொடுங்கள். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் பிள்ளைகளை வரிசை கட்டி உட்கார வைக்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் அந்தக் காதுக்கு அதிகம்.

அம்மாக்களே, ஊக்கு குத்தி இறுக்கிய உடையோடு பிள்ளையை மணிக்கணக்கில் மேடைக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். உடை கலைந்துவிடும் என்று தண்ணீர் கொடுக்காமல், ஒன்றுக்கும் அனுப்பாமல் வைத்திருந்து, மறுநாள் “எரியுதுன்னு அழறா டாக்டர்” என்று வருகிறீர்கள். கழற்றி மாட்ட முடியாத உடை வேண்டவே வேண்டாம். எடுத்த வீடியோ குடும்பத்துக்குள் இருக்கட்டும், பள்ளிப் பெயரோடு ஊரறிய ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

பாட்டு பிடிக்கவில்லையா? மனதுக்குள் முணுமுணுக்காதீர்கள். பட்டியல் வந்த அன்றே பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லுங்கள், கூட இரண்டு பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். காஸ்ட்யூமுக்கு வாடகைப் பணம் கட்டிய பிறகு சொன்னால் எந்தப் பள்ளியும் மாற்றாது.