டிராக்டர் ரிம்மை உள்ளிருந்து தின்னும் துரு

காவிரி டெல்டாவில் சில பருவம் சேற்றுழவு ஓட்டிய டிராக்டரின் பின்சக்கரத்தைப் பாருங்கள். ரிம்மின் வெளிமுகத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும். டயரை நெம்பிக் கழற்றினால் உள்ளே துரு செதில் செதிலாக உதிரும். வால்வுத் துளையைச் சுற்றி இரும்பு பொரிந்து போயிருக்கும். மழையும் வெயிலும் படுகிற பக்கம் தப்பிக்க, மூடிக்கிடந்த பக்கம் ஏன் அரிக்கிறது?

துருப்பிடிப்பது ஒரு சின்ன பேட்டரி ஓடுவதைப் போன்றது. ஈரம்பட்ட இரும்பில் ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. வேறோரிடத்தில், நீரில் கலந்துள்ள ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடம் வாங்கும் முனையாகிவிடும். அது எட்டாத இடுக்கு கரையும் முனையாகிவிடும். டயரின் கம்பி விளிம்பு ரிம்மில் உட்காரும் வரிப்பள்ளமும், டியூபுக்கு அடியில் சேறு தேங்கும் இடமும் அத்தகைய இடுக்குகள்தான்.

உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு இடுக்குக்குள் குவிந்து, அங்குள்ள நீரை அமிலமாக்கிவிடும். துரு, தான் பிறந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்டைத் தூக்குகிறது, டியூபைக் குத்துகிறது, டயரை ரிம்மோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது.

எடைக்காக டியூபில் தண்ணீர் நிரப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது வால்வு வழியே கசிந்தால் ரிம்முக்குப் பெருங்கேடு. இங்கே நீர் உறையப் போவதில்லை, அந்தக் கலவையே தேவையில்லை. கடலோரத்து உவர்ப்பான போர் தண்ணீரையும் தவிருங்கள். வாய்க்கால் நீரோ மழைநீரோ போதும். வால்வை மேலே நிறுத்தி முக்கால் பங்கு, அதாவது வால்வு மட்டம் வரைதான் நிரப்ப வேண்டும்.

பழுது பார்க்க டயர் கழன்றே ஆக வேண்டும். முதலில் வால்வு ஊசியை எடுத்துக் காற்றையும் நீரையும் முழுக்க வெளியேற்றுங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். காற்று இறக்கியிருந்தாலும், சூட்டில் ரப்பர் சிதைந்து எரிவாயு சேர்ந்து டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

வெறும் ரிம்மைச் சுத்தியலால் தட்டி, செதிலை உதிர்த்து, கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, மறுபடியும் தேயுங்கள். குழிகளுக்குள் ஒளிந்த உப்பு ஒரே கழுவலில் போகாது; இரண்டு மூன்று சுற்று வேண்டும். உப்பின்மேல் பெயிண்ட் அடித்தால் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுவது பரவலான தவறு: அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எந்தக் குளோரைடை விரட்டப் பாடுபடுகிறோமோ அதையே குழிக்குள் விட்டுச்செல்லும்.

குழிக்குள் மிஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றது. கடையில் கிடைக்கும் 85 சதவீத அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். 20 முதல் 30 நிமிடம் காயவிடாமல் வைத்திருந்து நன்றாக அலசுங்கள். எஞ்சிய அமிலம், பிறகு அடிக்கும் எபாக்சி பிரைமரை இறுகவிடாது. துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் டானிக் அமிலத் திரவமும் உண்டு. கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்து கலம்காரித் துணியில் கறுப்பாவதும் இதே வேதியியல்தான்.

அடுத்தது பிரைமர். துத்தநாகம் செறிந்த பிரைமர், இரும்புக்குப் பதிலாகத் தானே கரைந்து அதைக் காக்கும். அதற்குப் பளபளப்பான வெற்று இரும்பை அது நேராகத் தொட வேண்டும். அமிலம் போட்ட படலத்தின்மேலோ துருவின்மேலோ அடித்தால் காசு வீண். அங்கே இரட்டைக் கலவை எபாக்சி பிரைமர் இரண்டு கோட் போதும். ரெட் ஆக்சைடு வெறும் மூடிதான். கீறல் விழுந்தால் அடியிலுள்ள இரும்பைக் காக்காது. பனி காய்ந்த பிறகு அடியுங்கள்; தகடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். வரிப்பள்ளத்தில் தடிமனாகப் பூசாதீர்கள். டயர் மாட்டுமுன் ஒரு வாரம் இறுகவிடுங்கள்.

வால்வுத் துளையோரம் மட்டும் அரித்திருந்தால் துண்டு வைத்து வெல்டிங் செய்து, உட்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்துவிடலாம். போல்ட் துளையில் விரிசல், டயர் உட்காரும் விளிம்பு மெலிந்திருத்தல் இரண்டுக்கும் ஒட்டுவேலை உதவாது, ரிம்மை மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது கிரீஸ் தடவாதீர்கள்: ரப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மில் வழுக்கிச் சுழன்று வால்வை அறுக்கும். டயர் பேஸ்ட் மட்டும் போதும். விளிம்பை உட்காரவைக்க 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, பேஸ்ட் தடவி, மறுபடி முயலுங்கள். உழவு முடிந்த அன்றே வால்வுத் துளையைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவிவிடுங்கள். அந்தத் துளையில் பழுப்புநீர் கசிந்து காய்ந்த கோடு தெரிந்தால், அடுத்த பருவத்துக்குக் காத்திருக்காமல் டயரைக் கழற்றுங்கள்.